தொட்டி வாங்கும் முன்: மறுசுழற்சி குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 100 வீடுகளுக்கு மேல் உள்ளன. எல்லாக் குப்பையும் ஒன்றாகக் கலந்து ஒரே வண்டியில் ஏறிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாங்களே மறுசுழற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்குவதென்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்து, வண்ணத் தொட்டிகள் வாங்கப் பணமும் திரட்டிவிட்டோம். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பதில்: திரட்டிய பணத்தைச் சிறிது காலம் அப்படியே வைத்திருங்கள். தொட்டி வாங்குவது இந்த வேலையின் பிற்கட்டங்களில் ஒன்று. நீங்கள் சேர்க்கும் பொருள் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தனியாகப் பிரித்து வைத்துவிட்டதனால் மட்டும் ஒரு பொருள் மறுசுழற்சி ஆகிவிடுவதில்லை. அதை உருக்கியோ கூழாக்கியோ வேறொன்றாக மாற்றும் ஆலை ஒன்றும், அந்த ஆலைவரை அதைக் கொண்டுசேர்க்கும் வியாபாரி ஒருவரும் இருந்தால்தான் ஆகிறது. அப்படி எவரும் எடுக்க முன்வராத பொருளை எவ்வளவு அக்கறையோடு பிரித்தாலும், அது சில வாரங்கள் உங்கள் வளாகத்தில் கிடந்துவிட்டு, பழைய குப்பைமேட்டுக்கே போகும். பிரித்துக் கொடுத்த வீட்டார் அதை ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டால் மறுபடியும் பிரிக்க மாட்டார்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட திட்டங்கள் பல முறிந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, உங்களில் இருவர் சுற்றுவட்டாரத்தில் பழைய பொருள் வாங்குவோரையும், உள்ளாட்சி அமைப்பு நடத்தும் உலர்கழிவு மையம் இருந்தால் அதன் பொறுப்பாளரையும் நேரில் சென்று பாருங்கள். தொலைபேசியில் விசாரிப்பதைவிட அவர்களுடைய கிடங்கில் நின்று பேசுவது மேல். எது கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது, எது மூலையில் தூசி படிந்து கிடக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எந்தப் பொருளை எடுப்பீர்கள், அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கித் தர வேண்டுமா, பாட்டிலை மூடியோடு தரலாமா, வண்டி வர வேண்டுமானால் குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்திருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவீர்கள், எது கலந்திருந்தால் மூட்டையையே வேண்டாம் என்பீர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் நாளை உங்கள் தொட்டியின்மேல் ஒட்டப்போகும் அறிவிப்பு.

அதன்பின் எடை போடுங்கள். விருப்பமுள்ள 10 அல்லது 15 வீடுகளின் ஒரு வாரக் குப்பையை, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தார்ப்பாயில் கொட்டிப் பிரித்து, காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், உணவுக்கழிவு, மற்றவை என்று தனித்தனியாகத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சேரும் நகரக் குப்பையில் உணவுக்கழிவும் இலைதழைகளும் மட்டும் 44 விழுக்காடு. காகிதமும் அட்டையும் 17, பிளாஸ்டிக் 12, கண்ணாடி 5, உலோகம் 4 விழுக்காடு. உங்கள் வளாகத்தின் கணக்கு இதிலிருந்து வேறுபடலாம், ஆனால் ஈரக்குப்பையே பெரும்பங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஈரம் பட்ட காகிதம் ஆலைக்கு உதவாது என்பதால், ஈரக்குப்பையை வீட்டுக்குள்ளேயே தனியாக வைக்கும் பழக்கம்தான் திட்டத்தின் முதல் படி. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் நிற்காது.

எடைக்கணக்கு கையில் இருந்தால், எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அட்டைப் பெட்டிகள் எடை குறைவாகவும் இடம் மிகுதியாகவும் கேட்பவை. மழை படாத கூரையும், தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகையும் அவற்றுக்குத் தேவை. தீ பற்றக்கூடிய பொருள் என்பதால் மின்பெட்டிக்கு அருகிலோ மாடிப்படிக்கு அடியிலோ சேர்க்கவே கூடாது. இவை முடிவான பிறகு, ஒரே ஒரு கட்டடத்தில், வியாபாரி உறுதியாக எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று பொருள்களோடு மட்டும் தொடங்கிப் பாருங்கள். அங்கே தடையில்லாமல் நடந்தால் மற்றக் கட்டடங்களுக்குத் தொட்டி வாங்கலாம்.

கேள்வி: எத்தனை வகையாகப் பிரிக்கச் சொல்வது? எங்கள் குழுவில் ஒருவர் ஏழு தொட்டி வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஒன்றே போதும் என்கிறார்.

பதில்: ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள காமிகாட்சு என்ற மலையூர், குப்பையே இல்லாத ஊராவோம் என்று 2003இல் அறிவித்து, நாளடைவில் 45 வகையாகப் பிரிக்கும் நிலைக்கு வந்தது. அங்கே குப்பை வண்டி வீடு தேடி வருவதில்லை. மக்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருப்பவரின் உதவியோடு பிரித்துப் போடுகிறார்கள். ஏறத்தாழ 1,500 பேர் மட்டுமே வாழும், ஒருவரையொருவர் அறிந்த ஊரில் அது நடக்கிறது. இதற்கு நேர்மாறாக, உலர்ந்தவை அனைத்தையும் ஒரே தொட்டியில் வாங்கி, பெரும் இயந்திரங்களைக் கொண்டு பிரிக்கும் நகரங்களும் உண்டு. அங்கே மக்களுக்கு வேலை குறைவு, ஆனால் உடைந்த கண்ணாடித் துகள் காகிதத்துக்குள் புகுந்து இரண்டையுமே கெடுக்கிறது.

உங்களிடம் இயந்திரம் இல்லை, 45 வகை பிரிக்கச் சொல்லித்தரும் நிலையமும் இல்லை. எனவே காகிதமும் அட்டையும் ஒன்று, பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒன்று, கண்ணாடி ஒன்று என மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கையாலேயே எளிதில் பிரித்துவிடலாம். கண்ணாடியை மட்டும் எதனோடும் சேர்க்காதீர்கள். பிரிப்பவரின் கையைக் கிழிப்பது அதுதான்.

கேள்வி: அடியில் முக்கோண அம்புக்குறி போட்ட பிளாஸ்டிக் எல்லாமே மறுசுழற்சிக்கு உரியது என்று நம்பி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். வியாபாரி பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன்?

பதில்: அந்தக் குறிக்கு உள்ளே இருக்கும் எண், பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988இல் கொண்டுவந்த அடையாள எண் அது. அம்புகளைப் பார்த்து மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதனாலேயே, 2013இல் அந்தத் தரநிலையைத் திருத்தியபோது அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனாலும் பழைய வடிவம் இன்றும் எங்கும் காணப்படுகிறது. உங்கள் மீது பிழை இல்லை. அந்தக் குறி பார்ப்பவர் எவரையும் அப்படித்தான் நினைக்க வைக்கும்.

1 என்று போட்டிருப்பது பெட், அதாவது தண்ணீர் பாட்டிலும் குளிர்பானப் பாட்டிலும். 2 என்பது ஷாம்பு, பினாயில் போன்றவை வரும் கெட்டியான, ஒளி ஊடுருவாத பாட்டில்களின் பிளாஸ்டிக். 5 என்பது பாலிப்ரொப்பிலீன், பெரும்பாலான டப்பாக்களும் பல மூடிகளும். இம்மூன்றுக்கும், சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் வாங்குவோர் கிடைப்பார்கள். 4 என்பது மெல்லிய பைகள். சிலர் எடுப்பார்கள், பலர் எடுக்க மாட்டார்கள். 3 ஆகிய பி.வி.சி.யும், 6 ஆகிய தெர்மோகோல் வகையும், 7 என்று ‘மற்றவை’யாக ஒதுக்கப்பட்டவையும் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், உருக்கும் வெப்பத்தில் இருக்கிறது காரணம். பெட் உருகுவதற்கு ஏறக்குறைய 250 முதல் 260 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து அமில வாயுவை வெளியிடும்; சிறிதளவு பி.வி.சி. கலந்திருந்தாலும் பெட் முழுவதும் மஞ்சளித்து வலுவிழந்துவிடும். வியாபாரியின் கண் இரண்டு பாட்டில்களை ஒரு நொடியில் வேறுபடுத்திவிடுவது அவர் பட்ட நட்டத்தின் பாடம்.

மூடியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆலையில் பாட்டில்களைச் சில்லுகளாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். பெட் தண்ணீரைவிட அடர்த்தி மிக்கதால் அடியில் தங்கும். 2 ஆம் வகையும் 5 ஆம் வகையும் தண்ணீரைவிட லேசானவை என்பதால் மூடித்துண்டுகள் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். எனவே, உங்கள் வியாபாரி வேண்டாம் என்று சொல்லாதவரை, பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி மூடியே கொடுக்கலாம். தனியாக விழும் மூடி வழியில் எங்காவது சிதறிச் சாக்கடைக்குத்தான் போகும்.

பளபளக்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்களை மட்டும் எதிர்பார்ப்போடு சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டிய அவற்றைப் பிரிப்பது பெரும்பாலான இடங்களில் இன்று கட்டுப்படியாவதில்லை. வாங்குவதைக் குறைப்பதுதான் அவற்றுக்கு வழி.

கேள்வி: ஒவ்வொரு டப்பாவையும் கழுவித் தரச் சொன்னால் தண்ணீர் வீணாகாதா?

பதில்: பளிச்சென்று தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கிய கடைசித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, மூடிக் குலுக்கிக் கொட்டி, கவிழ்த்து வைத்தால் போதும். ஈக்கள் மொய்க்காமலும், நாற்றம் அடிக்காமலும், பக்கத்தில் உள்ள காகிதத்தை நனைக்காமலும் இருந்தால் அது சுத்தம்தான். எண்ணெய் ஊறிய அட்டையை மட்டும் கழுவிக் காப்பாற்ற முடியாது. எண்ணெய்ப் பகுதியைக் கிழித்து ஈரக்குப்பையில் போட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள். பணம் கட்டும்போது தரும் மினுமினுப்பான ரசீதுச் சீட்டுகள் வெப்பத்தில் நிறம் மாறும் ரசாயனம் பூசியவை. அவற்றையும் காகிதத்தோடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் குப்பையிலிருந்து பாட்டிலும் அட்டையும் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் சிலர் இருக்கிறார்கள். நாங்கள் திட்டம் தொடங்கினால் அவர்கள் வயிற்றில் அடித்ததாகாதா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான குழுக்கள் இதைக் கேட்பதே இல்லை. நீங்கள் புதிதாகத் தொடங்க நினைப்பதைப் பல ஆண்டுகளாக, எந்தச் சங்கத் தீர்மானமும் இல்லாமல், எந்தக் கையுறையும் இல்லாமல் செய்துவருபவர்கள் அவர்கள்.

எகிப்தின் கெய்ரோ நகரில் ஸப்பாலீன் என்று அழைக்கப்படும் மக்கள் தலைமுறைகளாக வீடு வீடாகக் குப்பை எடுத்து, கையால் பிரித்து, அதில் மிகப்பெரும் பங்கை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2003இல் நகர நிர்வாகம் அந்த வேலையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. வீட்டு வாசலுக்கு வந்து எடுத்த இடத்தில் தெருமுனைத் தொட்டிகள் வந்தன. குப்பையை அழுத்தி ஏற்றும் வண்டிகள் வந்தன. அழுத்தப்பட்ட குப்பையிலிருந்து பிரித்தெடுக்க அதிகம் இல்லை. ஒப்பந்தம் கோரிய மறுசுழற்சி அளவு, அந்த மக்கள் ஏற்கெனவே எட்டியிருந்ததைவிட மிகக் குறைவு. ஏழைகளின் பிழைப்பும் போனது, மறுசுழற்சியும் குறைந்தது. பின்னாளில் நிர்வாகமே அவர்களை மீண்டும் அழைக்க வேண்டியிருந்தது.

ஆகவே, அவர்களை உங்கள் திட்டத்தின் முதல் உறுப்பினர்களாக்குங்கள். எந்தப் பொருளுக்கு மதிப்பு, எந்த வியாபாரி நியாயமாக எடை போடுவார், எந்தப் பிளாஸ்டிக் போகாது என்பதையெல்லாம் உங்களைவிட அவர்கள் நன்கு அறிவார்கள். பிரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்து, நிழலான இடமும், கையுறையும், காலணியும், கைகழுவத் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள். பொருளை விற்ற பணம் அவர்களுக்கே என்பதோடு நிறுத்திவிடாமல், செய்யும் வேலைக்கென ஒரு மாதத்தொகையையும் குடியிருப்பு தருவதே நியாயம். பொருளின் விலை விழும் மாதத்தில் அவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. அவர்களை ‘அண்ணன்’, ‘அக்கா’ என்று பெயரோடு சேர்த்து அழைக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: தொடங்கியபோது எல்லா வீடுகளும் ஆர்வமாகப் பிரித்தன. இப்போது மூன்றில் ஒரு பங்கு வீடுகள்தான் செய்கின்றன, அதிலும் கலப்படம். அபராதம் விதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மனமில்லாதவர்களைவிட, செய்ய வசதியில்லாதவர்களும் என்ன செய்வதென்று தெரியாதவர்களுமே எப்போதும் அதிகம். அபராதம் அவர்களைப் பிரிக்கவைக்காது, ஒளிக்கவைக்கும்.

முதலில் தொட்டிகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டி மாடிப்படியருகே, மறுசுழற்சித் தொட்டி வளாகத்தின் கோடியில் என்று இருந்தால், அவசரமாக வேலைக்குக் கிளம்புபவர் எதில் போடுவார்? இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்க வேண்டும். அடுத்து மூடியைப் பாருங்கள். காகிதத் தொட்டிக்கு நீண்ட ஒடுங்கிய பிளவும், பாட்டில் தொட்டிக்கு வட்டத் துளையும் இருந்தால் கையே தயங்கி நிற்கும். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், துளையின் வடிவத்தை இப்படி மாற்றியதால் மட்டுமே பானப் பாட்டில்களும் டப்பாக்களும் உரிய தொட்டியில் சேர்வது 34 விழுக்காடு கூடியது. தவறான பொருள் விழுவது பெருமளவு குறைந்தது. ஒரு பலகையும் ரம்பமும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

அறிவிப்பில் எழுத்தைக் குறைத்து, உங்கள் வளாகத்தில் உண்மையிலேயே விழும் பொருள்களின் நிழற்படங்களை ஒட்டுங்கள். ‘போடலாம்’ என்பதற்கு ஆறு படம், ‘போடவே கூடாது’ என்பதற்கு மூன்று படம். அதற்குமேல் எவரும் நின்று பார்ப்பதில்லை. வாடகைக்குப் புதிதாகக் குடிவரும் வீட்டாரை அதே வாரத்தில் ஒருவர் போய்ப் பார்த்து விளக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் கலப்படம் ஏறியதற்குக் குடிமாற்றமே காரணமாக இருக்கலாம், கணக்கெடுத்துப் பாருங்கள். தவறாகப் பிரித்த பையின் மேல், ‘இதில் ஈரத்துணி இருந்தது, அடுத்த முறை எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு சீட்டை, வீட்டு எண்ணைப் பிறருக்குக் காட்டாமல், கட்டிவிடுவது கூட்டத்தில் கண்டிப்பதைவிட நல்ல பலன் தரும்.

கேள்வி: பழைய கைப்பேசி, பேட்டரி, மின்விளக்கு ஆகியவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: அவற்றை எடுத்துக்கொள்ள உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு, நாளும் குறித்த பிறகு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். நிரந்தரத் தொட்டி வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ, அதன் முனைகள் உலோகத்தில் பட்டாலோ தானாகத் தீப்பற்றக்கூடும். குப்பை வண்டிகளிலும் பிரிப்பு நிலையங்களிலும் நேரும் தீவிபத்துகள் பலவற்றுக்கு அதுவே காரணம். முனைகளின் மேல் ஒட்டுநாடா சுற்றித் தரச் சொல்லுங்கள். உப்பிப்போன பேட்டரியை எவரும் கழற்றவோ குத்தவோ கூடாது. குழல்விளக்குகளில் பாதரசம் இருப்பதால் உடையாமல் அட்டை உறையோடு வாங்குங்கள்.

கேள்வி: இதில் வருமானம் வருமா? குடியிருப்பின் பராமரிப்புச் செலவை இதைக் கொண்டே ஈடுகட்டலாம் என்று சொல்லித்தான் பலரைச் சம்மதிக்க வைத்தோம்.

பதில்: அந்த வாக்குறுதியை அடுத்த கூட்டத்திலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய பொருளின் விலை உங்கள் கையிலும் இல்லை, உங்கள் வியாபாரியின் கையிலும் இல்லை. உலகச் சந்தைக்கு வந்த பழைய காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் பெரும்பங்கை வாங்கிவந்த சீனா, 2018 தொடக்கத்தில் கலப்புக் காகிதத்தையும் பலவகைப் பிளாஸ்டிக்கையும் இறக்குமதி செய்யத் தடைவிதித்தது. அனுமதித்தவற்றிலும் கலப்படம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. கலப்புக் காகிதத்துக்குக் காசு வாங்கிவந்த ஊர்கள் பல, அதை எடுத்துப்போகக் காசு கொடுக்கும் நிலைக்கு வந்தன. சில ஊர்கள் திட்டத்தையே நிறுத்தின. அப்போதும் சுத்தமாகப் பிரித்த அட்டைக்கும் உலோகத்துக்கும் வாங்குவோர் இருந்தார்கள்.

பொருளுக்குப் பொருள் பலனும் வேறு. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம், கண்ணாடியையும் அப்படியே. காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குட்டையாகி, 5 முதல் 7 முறைக்குப் பின் உதவாது. பிளாஸ்டிக்கின் நிலை எல்லாவற்றிலும் மோசம்: 2015வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 விழுக்காடுதான் என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எனவே உலோகத்திலும் அட்டையிலும் ஒரு கிலோ கூட விடாதீர்கள், பிளாஸ்டிக்கில் வாங்கும் அளவையே குறைக்கப் பாருங்கள்.

வரும் பணம் சிறிதானாலும், எந்தப் பொருள் எத்தனை கிலோ போனது, என்ன விலைக்குப் போனது, எவ்வளவு திருப்பி அனுப்பப்பட்டது, பணம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கை மாதம் தவறாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். திருப்பி அனுப்பப்பட்ட எடையை மறைக்காதீர்கள். அடுத்த மாதம் எந்த வீட்டுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை அந்த ஒரு வரியிலிருந்துதான் நீங்கள் அறிய முடியும்.